மார்க்கேசாஸ் தீவுக்கு சரக்குக் கப்பல்ல ஒரு டூர்

சொகுசுக் கப்பல்னு நெனச்சு அரானுய் 5ல ஏறாதீங்க, இது பாதி சரக்குக் கப்பல். பசிபிக் கடல்ல தாஹிதி தீவுல இருக்குற பப்பேட்டே துறைமுகத்துல கெளம்பி மார்க்கேசாஸ் தீவுங்களுக்கு சாமான் எறக்கிட்டு, திரும்பி வரப்போ கொப்பரை ஏத்திட்டு வருது, போயிட்டு வர 12 நாள். கிரேன்ல சாமான் எறங்குறப்போ ஊர் ஜனமே கரைக்கு வந்துடுது, அதனாலயோ என்னவோ நம்மள டூரிஸ்டா பாக்காம கப்பல்ல வந்த ஆளாதான் பாக்குறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சுது.

மார்க்கேசாஸ்ல ஃபட்டு ஹிவா தீவு ஒண்ண பாத்தாலே குடுத்த காசு செரிச்சுடும். ஓமோவா கிராமத்துல ஒரு அம்மா மரப்பட்டைய கட்டையால டொக்கு டொக்குன்னு தட்டித் தட்டி துணி மாதிரி விரிக்கிறாங்க, பக்கத்துல இன்னொருத்தங்க சந்தனத்தூள், வாசனை எலை, அன்னாசித் துண்டு எல்லாம் சேத்துக் கட்டி கொண்டைல சொருகுறாங்க, அந்தப் பக்கம் போனாலே கமகமன்னு இருக்கு. ஓமோவாலேருந்து அதே தீவுல இருக்குற ஹனவாவே கிராமம் வரைக்கும் மலை மேல 17 கிமீ நடை, முட்டி வலிக்காரங்க கப்பல்லயே போயிடலாம், ஆனா மேலேருந்து ஹனவாவே விரிகுடாவ பாக்குறது மிஸ் ஆயிடும்.

சாப்பாடு? குழி அடுப்புல வெந்த பன்னிக்கறி, தேங்காப்பால்ல ஆட்டுக்கறி, செம. புளிக்க வெச்ச சீமைப்பலா கூழு மட்டும் எனக்கு செட் ஆகல. சுத்த சைவம்னா ரொம்ப யோசிங்க.

நோனோன்னு ஒரு குட்டி ஈ இருக்கு, கடிச்சா நாள் கணக்கா அரிக்கும், முழுக்கை சட்டை கண்டிப்பா எடுத்துக்கோங்க.