சீஸ் ஆலை வேயா, சவ்வில் வடித்த வேயா? குழந்தைக்கான ஃபார்முலா பால்மாவுக்கு எது தேவலாம்?

பசும்பால் புரதத்தில், பால் திரியும்போது கட்டியாகும் கேசீன் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு, தெளிநீரோடு போகும் வே 20 பங்குதான். தாய்ப்பாலில் வே 60, கேசீன் 40 என்று கணக்கு தலைகீழாக இருக்கும். அதனால் பசும்பாலை வைத்து ஃபார்முலா செய்கிறவர்கள் பெரும்பாலும் தனியாக வே வாங்கிச் சேர்க்கிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் போட்டியே.

வழக்கமாக வருவது சீஸ் ஆலையில் மிஞ்சுகிற வே. மலிவு, ஏனென்றால் பால் வாங்கிய காசை சீஸே ஈட்டிவிடும். ஆனால் பாலாக இருக்கும்போது ஒருமுறை, வேயாகப் பிரிந்த பிறகு மறுபடி என்று இரண்டு தடவை சூடுபட்டு வருகிறது, அதோடு ரென்னெட் (பாலை உறையவைக்கும் நொதி) கேசீனை வெட்டும்போது கழன்று விழும் கிளைகோமேக்ரோபெப்டைடு என்ற புரதத்துண்டும் அதில் கலந்திருக்கும். இதில் த்ரியோனைன் என்ற அமினோ அமிலம் அதிகம், குடிக்கிற குழந்தையின் இரத்தத்திலும் அது ஏறும்.

இன்னொரு வழியில் சீஸே கிடையாது. கொழுப்பெடுத்த பாலை 0.1 மைக்ரான் துளையுள்ள சவ்வில் தள்ளினால் கேசீன் உருண்டைகள் தங்கிவிடும், வே புரதம் கீழே இறங்கும். ரென்னெட் இல்லை, உறை நுண்ணுயிர் இல்லை, சூடும் குறைவு. புரதத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, உப்பு? அங்கே இரண்டும் ஒன்றுதான். 0.1 மைக்ரான் துளையில் கரைந்த உப்பும் லாக்டோஸும் தாராளமாகப் போய்விடும், பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அவ்வளவு உப்பு ஆகாது. இன்னும் நுண்ணிய துளையுள்ள சவ்வில் தள்ளும் நானோ வடிகட்டலில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஓரளவு வெளியேறும், கால்சியம் பெரும்பாலும் தங்கிவிடும். 90 சதவீத உப்பை எடுக்க வேண்டுமென்றால் எலக்ட்ரோடயாலிசிஸோ, பிசின் மணிகளில் உப்பைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றமோ வேண்டும். (எலக்ட்ரோடயாலிசிஸிலும் சவ்வு உண்டு, ஆனால் அங்கே உப்பை இழுப்பது மின்சாரம், அழுத்தம் இல்லை.)

சவ்விலும் இரண்டு கட்சி. செராமிக் சவ்வு விலை அதிகம், ஆனால் காரம் அமிலம் எதற்கும் அசையாது, 50 டிகிரியில் வேகமாக ஓடும். பாலிமர் சவ்வை 10 டிகிரிக்குக் கீழே ஓட்டினால் வேகம் போச்சு, ஆனால் குளிரில் கேசீனில் ஒரு வகையான பீட்டா கேசீன் உருண்டையிலிருந்து கொஞ்சம் கழன்று வேயோடு சேர்ந்து வந்துவிடும். மற்ற இடங்களில் இது தொல்லையாக இருக்கலாம், ஃபார்முலாவுக்கு லாபம், ஏனென்றால் தாய்ப்பால் கேசீனில் பெரும்பங்கு பீட்டாதான்.

பாக்டீரியாவை வடிக்கும் 1.4 மைக்ரான் சவ்வு வேறு விஷயம், இதோடு குழப்ப வேண்டாம்.

கடைசியில் முடிவு செய்வது சவ்வின் மேல் தங்குகிற கேசீன். அது வேயைப் போல பல மடங்கு மிஞ்சும், சீஸுக்கோ புரத பானத்துக்கோ அதை நல்ல விலைக்குத் தள்ள வழியில்லாத ஆலை சீஸ் வேயையே வாங்கிக்கொள்ளலாம்.