பழைய ஸ்டீரியோ ரிசீவர்: எல்லா கண்டன்சரையும் மாற்றுவதா, கெட்டதை மட்டும் மாற்றுவதா?

1970களில் ஜப்பானில் செய்த ஸ்டீரியோ ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டியில். ஆன் செய்தால் டயல் ஒளிர்கிறது, ஸ்டேஷன் பிடிக்கிறது, ஆனால் இடது பக்கம் சத்தம் வந்து வந்து போகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கண்டன்சரை (கரண்டைத் தேக்கிவைத்துக் கொடுக்கும் பாகம்) வைத்து இரண்டு விதமான பதில் கிடைக்கும். ஒரு கட்சி, “40 வருஷம் தாண்டிய செட். கண்டன்சர் மொத்தத்தையும் மாற்று, அப்புறம் மற்றதைப் பார்” என்று சொல்லும். இன்னொரு கட்சி, “மீட்டரை வை, கெட்டது எதுவென்று கண்டுபிடி, மற்றதைத் தொடாதே” என்று சொல்லும். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் சில இடங்களில் முதல் கட்சி சொல்வதுதான் சரி.

முதலில் இந்த இடது பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வால்யூமைக் கூட்டினால் சத்தம் திடீரென்று முழுசாக வந்து, குறைத்தபின் மறுபடி மங்குகிறதா? அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஆம்பிளிஃபயரோடு ஸ்பீக்கரை இணைக்கும் மின்காந்த சுவிட்ச். அதன் காண்டாக்டில் கருப்புப் படிந்திருக்கும். சின்ன சிக்னல் அதைத் தாண்டாது, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போய்விடும். ரிலே இல்லையென்றால் டேப் மானிட்டர் சுவிட்ச் (டேப் ரெக்கார்டர் வழியாகச் சத்தத்தைக் கேட்க உள்ளது). வருஷக்கணக்கில் யாரும் தொடாத சுவிட்ச் அது, நாலைந்து முறை மேலும் கீழும் தள்ளினாலே சேனல் திரும்பிவிடுவதுண்டு. மரான்ட்ஸ் 2270 மாதிரி செட்டில் பின்பக்கம் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று இரண்டு ஜோடி சாக்கெட் இருக்கும், நடுவில் ஜம்பர். அந்த ஜம்பரைக் கழற்றி இடதையும் வலதையும் மாற்றிக் கொடுத்தால், கோளாறு சிக்னலைத் தயார் செய்யும் ப்ரீ-ஆம்பிலா, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பிலா என்று சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் தெரிந்துவிடும். சில சமயம் அழுக்கேறிய அந்த ஜம்பரேதான் குற்றவாளி.

இத்தனைக்கும் கண்டன்சருக்கும் சம்பந்தமே இல்லை. 80 கண்டன்சர் மாற்றியவருக்கும் அந்த ரிலே அப்படியேதான் இருக்கும். கெட்டதை மட்டும் பார்க்கும் வழியில் செலவு ஒரு டப்பா காண்டாக்ட் கிளீனர். போகாவிட்டால் அதே காயில் வோல்டேஜில் புது ரிலே. ரிலேவை மூடி திறந்து துடைக்கலாம், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டு போதும். உப்புத்தாள் வேண்டாம், அது காண்டாக்டின் பூச்சையே சுரண்டிவிடும். வால்யூம் கண்ட்ரோலில் கரகரப்பு இருந்தாலும் இதே கிளீனர்தான். வீட்டில் கதவுக் கீலுக்கு வைத்திருக்கும் ஸ்பிரேயை அதில் அடிக்காதீர்கள்.

அடுத்த கேஸ் கொஞ்சம் சீரியஸ். ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ரிலே ‘டிக்’ என்று விழவே இல்லை. இப்படிப்பட்ட செட்டில் மொத்தமாகக் கண்டன்சர் மாற்ற உட்காருவது வீண் வேலை. ரிலேவுக்கு முன்னால், ஆம்பிளிஃபயர் அவுட்புட்டில் டிசி வோல்டேஜ் அளக்க வேண்டும். இரண்டு சேனலிலும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஆம்ப் பெரும்பாலும் நலம், புரொடெக்ஷன் சர்க்யூட்டையோ அதன் சப்ளையையோ பார்க்கலாம். ஒரு சேனலில் முழு சப்ளை வோல்டேஜும் நின்றால் அந்தப் பக்கம் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கர் கருகாமல் காப்பாற்றத்தான் ரிலே விழாமல் நிற்கிறது. ரிலேவை ஒயர் போட்டு பைபாஸ் செய்து பார்க்கும் வீரர்கள் உண்டு. அதற்கு விலை ஒரு வூஃபர்.

இந்த அளவையெல்லாம் எடுக்கும் முன் சீரிஸ் போர்டு அவசியம். குண்டு பல்பு, 60 அல்லது 100 வாட், செட்டுக்கு சீரிஸில். பல்பு ஒரு நொடி பிரகாசமாகி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே ஆஃப். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இன்னொன்று, அமெரிக்காவில் விற்ற செட்கள் பெரும்பாலும் 120 வோல்ட் மட்டும். வளைகுடா, சிங்கப்பூர் வழி வந்தவற்றில் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருப்பதுண்டு. அது எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நம்மூர் பிளக்கில் சொருக வேண்டும்.

மொத்தமாக மாற்றுவதில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் காசு இல்லை, போர்டு. அந்தக் காலத்துப் பழுப்பு ஃபீனாலிக் போர்டுகள் ஒற்றைப் பக்கம் மட்டும் செம்பு ஓடுபவை. சூடு கொஞ்சம் கூடினால் பேட் (பாகத்தின் காலை ஈயம் வைத்து ஒட்டும் செம்புத் திட்டு) உரிந்து கையோடு வந்துவிடும். நூற்றைம்பது முனையில் ஈயம் உறிஞ்சினால் எங்கோ ஒன்றாவது உரியும், எங்கோ ஒரு கண்டன்சர் பிளஸ் மைனஸ் மாறி உட்காரும். முன்பு ஒரு கோளாறுதான் இருந்தது, இப்போது இரண்டு. எது பழசு, எது நாம் வைத்தது என்று பிரிக்கவும் முடியாது. அப்படியும் மாற்றியே தீருவேன் என்பவர், பழைய கோளாறைத் தீர்த்து செட்டைப் பாட வைத்தபிறகு, ஒரு போர்டு முடிந்ததும் ஓட விட்டுப் பார்த்து, அடுத்த போர்டுக்குப் போகட்டும்.

சரி, மொத்தமாக மாற்றும் கட்சி எங்கே ஜெயிக்கிறது? பவர் சப்ளை போர்டில். சூடான ரெசிஸ்டர், ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் காய்ந்து போவது நிச்சயம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது பொதுக் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் அந்த மூலையில் இருப்பவற்றின் கதி புரியும். அங்கே ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்காமல் எல்லாவற்றுக்கும் 105 டிகிரி வரை தாங்கும் கண்டன்சர் போட்டுவிடுவேன். சில செட்களில் பெரிய கண்டன்சரைப் பிடித்து நிறுத்தப் பசை ஊற்றியிருப்பார்கள். அது பழுத்துப் பழுப்பாகி, கரண்ட் கடத்தவும் பக்கத்துக் கால்களை அரிக்கவும் தொடங்கியிருந்தால், சுரண்டி எடுத்து அந்த வட்டாரம் முழுக்க மாற்றுவதே நல்லது. ஆனால் டின் மாதிரி நிற்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கண்டன்சரை வயதுக்காக மட்டும் தூக்க வேண்டாம். உப்பவில்லை, கசியவில்லை, 100 ஹெர்ட்ஸ் ஹம் (ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம்) இல்லை என்றால் இருக்கட்டும். ஹம் 50 ஹெர்ட்ஸில் அடர்த்தியாக வந்தால் முதலில் எர்த், கேபிள் பக்கம் தேடுங்கள்.

எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம், வால்யூமைக் குறைத்தாலும் குறையாமல் வரும். அதற்கும் கண்டன்சரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் சின்ன டிரான்சிஸ்டர்கள். 2எஸ்ஏ726, 2எஸ்சி458 இரண்டும் இதில் பேர் வாங்கியவை. முதலாவதுக்கு கேஎஸ்ஏ992, இரண்டாவதுக்கு கேஎஸ்சி1845 பலரும் போடுவது. ஃப்ரீசர் ஸ்பிரேயை ஒவ்வொன்றின் மேலும் அடித்தால் சத்தம் மாறுகிற ஆள் பிடிபடுவான். கையில் இருக்கிறதே என்று 2என்3904 போட நினைத்தால் கால் வரிசையைப் பாருங்கள். ஜப்பானிய வகைகளில் கலெக்டர் நடுவில் வருவது வழக்கம், இதில் பேஸ் நடுவில்.

பழுதான நிலையில் இரண்டு செட் விலைக்கு வந்தால் எதை எடுப்பது? 1978-ல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-780, சேனலுக்கு 45 வாட், அழகான செட். ஆனால் அதன் அவுட்புட் எஸ்டிகே-0050 என்ற சான்யோ மாட்யூலில் இருக்கிறது. அது உள்ளே கெட்டால் ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது, முழுசாக மாற்ற வேண்டும். ஒரிஜினல் இப்போது உற்பத்தியில் இல்லை, சந்தையில் போலி ஏராளம். மரான்ட்ஸ் 2270-ல் தனித்தனி டிரான்சிஸ்டர்கள். கெட்டதை மட்டும் கழற்றி அதற்கு நிகரானதைப் போடலாம். கெட்டதை மட்டும் மாற்றும் கட்சிக்காரன் என்பதால் நான் எடுப்பது அதைத்தான். போலி டிரான்சிஸ்டரும் உண்டு, மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் மூடியைத் திருகுமுன் இரண்டு அளவு பாக்கி. அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பயாஸ் கரண்டை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சின்னக் கரண்ட்) சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு வைக்க வேண்டும்: அந்த டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர் 0.33 ஓம், அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 30 மில்லி ஆம்ப். செட்டை அரை மணி நேரம் சூடாக விட்டு, மறுபடி ஒரு தடவை அளந்துவிட்டு மூடலாம்.