கொம்பிரஷன் சொக்ஸ் வாங்கப் போறீங்களா? முதலில் காலை அளவுங்கள்

நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற வேலை எனக்கு, பின்னேரமானால் கணுக்கால் வீங்கிவிடும், கெண்டைக்காலில் நரம்பு புடைத்து நிற்கும். கிளினிக்கில் டொக்டர் பாதத்தில் நாடி பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே நிற்கிற, காலை இறுக்கிப் பிடிக்கிற கொம்பிரஷன் சொக்ஸ் போடச் சொன்னார், இறுக்கத்தின் அளவு 20–30 மில்லிமீற்றர் இரச அழுத்தம்.

கிளிநொச்சியில் ஒரு பாமசியில் சப்பாத்து அளவைக் கேட்டுவிட்டு ‘எம்’ பெட்டியை எடுத்து நீட்டினார்கள். இது சரியில்லை. இந்தச் சொக்ஸ் கணுக்காலில் கூடுதலாக இறுக்கி மேலே போகப் போகத் தளர வேண்டும், அப்போதுதான் தேங்கிய இரத்தம் மேலேறும். அளவு பிழைத்தால் மேல் விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டினது போல இறுக்கி, இருக்கிற ஓட்டத்தையும் மறிக்கும். நான் காலையில் எழும்பின உடனே, வீக்கம் ஏற முதல், கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், குதிக்காலில் இருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். அங்கே கடையில் நின்ற தங்கச்சி பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒத்துப் பார்த்துத்தான் எடுத்துத் தந்தார். அந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்குத் திரும்பவும் போவேன்.

பொருள் நல்லது. பின்னேரம் காலில் அந்தப் பாரம் இல்லை, கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. புடைத்த நரம்பு மறைந்துவிடும் என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள், அது மறையாது. போடுவதுதான் பாடு, றப்பர் கையுறை போட்டு இழுத்தால் சுகமாக ஏறும். காலையில் போட்டு, படுக்க முதல் கழற்றிவிடுகிறேன்.

சோளகம் அடிக்கிற ஆனி ஆடி வெக்கையில் விரல் மூடினதைப் போட்டால் வேர்த்து அவியும், விரல் திறந்ததையே கேட்டு வாங்குங்கள். கையால் கழுவி நிழலில் காயப்போட வேண்டும், சொஃப்ற்னர் வேண்டாம். தினமும் போட்டால் ஆறு மாதமளவில் இழுவை விட்டுப்போகும், அப்புறம் புதுசுதான்.

என்னுடையதைப் பார்த்து அம்மாவும் கேட்டார். அவருக்குச் சீனி வருத்தம், பாதத்தில் விறைப்பும் உண்டு. இறுக்கிப் புண் வந்தாலும் தெரியாமல் போகலாம் என்பதால் டொக்டரிடம் காட்டாமல் வாங்கிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கும் இது ஆபத்து. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் சொக்ஸ் தேடி அலையாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம்.