கல்யாண ஸ்டுடியோ சர்வருக்குப் பழைய எல்டிஓ-5 டேப் டிரைவ்: எட்டு மாத அனுபவம்

மதுரையில் ஒரு கல்யாண ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் வேலைகள் முழுக்க என் பொறுப்பு. ஒரு கல்யாணம் என்றால் போட்டோ, வீடியோ சேர்த்து 250 ஜிபி வரை வரும். 2023-இல் எடிட்டிங் மெஷின் ஒன்றில் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தது. சர்வரோடு, அதில் எப்போதும் மாட்டியே இருந்த யுஎஸ்பி பேக்கப் டிஸ்க்கும் போய்விட்டது. மூன்று குடும்பங்களிடம் போய் "உங்கள் வீடியோ இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில், அதற்குப் பிறகு தவறிவிட்ட தாத்தா கடைசியாக இருந்த வீடியோ அது. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்கப்புறம்தான் டேப் பக்கம் வந்தேன். கேசட்டில் உள்ள காந்த நாடாவில் டேட்டாவை எழுதி வைக்கும் முறை இது; எல்டிஓ என்பது அதில் ஒரு வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. எழுதி முடித்து, கழற்றி, பீரோவில் வைத்துவிட்டால் எந்த வைரஸாலும் அதைத் தொட முடியாது.

புது டிரைவ் எங்களுக்குக் கட்டாது. எல்டிஓ-9 எல்லாம் லட்சங்களில் போகிறது. டாட்-160 மாதிரிச் சின்ன டேப்கள் மலிவுதான், ஆனால் ஒரு கேசட்டுக்கு 80 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கே நான்கு வேண்டும். எல்டிஓ-4-இல் 800 ஜிபி, எல்டிஓ-5-இல் 1.5 டிபி, எல்டிஓ-6-இல் 2.5 டிபி பிடிக்கும். எனக்குச் சொன்ன விலையில் எல்டிஓ-6 டிரைவ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எல்டிஓ-5 கேசட்டை எல்டிஓ-7 டிரைவ் வரைக்கும் படிக்கும் என்பதால் நாளைக்கு மாறினாலும் வழி இருக்கிறது. அதனால் எல்டிஓ-5. கேசட்டில் 3 டிபி என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது பாதியாகச் சுருங்கக்கூடிய டேட்டாவுக்கு. ஜேபெக்கும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கியவை, 1.5-க்கு மேல் ஏறாது.

ஆன்லைனில் வாங்கிய முதல் டிரைவ் எழுதியது, எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. விற்றவர் திருப்பி வாங்கவும் இல்லை. இரண்டாவது எச்பி அல்ட்ரியம் 3000, 19,000 ரூபாய். இந்தத் தடவை எச்பியின் டேப் சோதனை மென்பொருளை என் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லி, ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். பழைய டிரைவ் வாங்குகிறவர்கள் இதில் மட்டும் கூச்சப்படாதீர்கள்.

டிரைவ் விலையோடு செலவு முடியாது. சர்வரில் இருந்த ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்டு) டேப் தெரியவே இல்லை. டிரைவை நேரடியாகச் சர்வரோடு இணைக்கும் சாதாரண எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டு வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய எல்எஸ்ஐ 9200-8ஈ கார்டும் கேபிளும் 4,500 ரூபாய்க்குக் கிடைத்தன. புது கேசட் ஒன்று 2,000 வீதம் பத்து, அப்புறம் டிரைவின் ஹெட்டைச் சுத்தம் செய்ய ஒரு கிளீனிங் கேசட். எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய்க்குள் வந்தது, முதல் டிரைவில் விட்ட பணம் தனி.

வேகம்தான் என்னை ரொம்பப் படுத்தியது. இந்த டிரைவ் நொடிக்கு 140 எம்பி எழுதும், அதாவது முழு கேசட்டும் மூன்று மணி நேரத்தில் முடியும். ஆனால் டேட்டா விடாமல் வர வேண்டும். ஆயிரக்கணக்கான சின்ன போட்டோக்களை நெட்வொர்க் வழியாக நேரே அனுப்பியபோது வேகம் 30-க்கு இறங்கிவிட்டது. டிரைவும் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் நின்று, பின்னால் ஓடி, மறுபடி கிளம்பும். அந்தச் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறும், ஏனென்றால் ஹெட்டும் (நாடாவில் எழுதும், படிக்கும் பாகம்) நாடாவும் சேர்ந்து தேய்கின்றன. இப்போது முதலில் டேப் டிரைவ் மாட்டிய சர்வரில் உள்ள எஸ்எஸ்டி-க்கு நகலெடுத்து, அங்கிருந்து எம்பஃபர் (டேட்டாவைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சீராக அனுப்பும் மென்பொருள்) வழியாக எழுதுகிறேன். டிரைவ் ஒரே சீராக ஓடுகிறது.

எல்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் போட்டால் டேப்பை ஒரு டிஸ்க் போலத் திறந்து பார்க்கலாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் டார்தான் கைக்கு வந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு டார் கோப்பு. எந்தக் கேசட்டில் எத்தனையாவது என்பதை நோட்டில் எழுதி வைக்கிறேன். லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு என்எஸ்டி0, எஸ்டி0 என்று இரண்டு பெயர்கள் உண்டு; ரீவைண்ட் ஆகாத என்எஸ்டி0-வையே பயன்படுத்துங்கள். எஸ்டி0 என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் டேப் தொடக்கத்துக்குப் போய்விடும், அடுத்து எழுதுவது முதல் கல்யாணத்தின் மேலேயே விழும்.

எல்லாமே இரண்டு பிரதி. ஒன்று ஸ்டுடியோவில், இன்னொன்று திருநகரில் அக்கா வீட்டில், வெயில் படாத உள்ளறை பீரோவில். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு கல்யாணத்தை முழுதாகத் திரும்ப இறக்கிப் பார்க்கிறேன். போன வாரம் ஒருவர் தை மாதக் கல்யாணத்தின் தாலி கட்டும் வீடியோவை மறுபடி கேட்டு வந்தார். நோட்டைப் பார்த்தேன், கேசட் 3, நான்காவது கோப்பு. நாடா அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஓரிரு நிமிடம். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் படம் திரையில் ஓடியது.