கலிபோர்னியா சிறை நெரிசல்: தனியார் சிறையா, தண்டனைக் குறைப்பா?

ஒரு காலத்தில் கலிபோர்னியாவில் சுமார் 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கைதிகள். உடற்பயிற்சிக் கூடங்களில்கூட அடுக்குக் கட்டில்கள். ஒரே கழிப்பறையை 54 பேர் வரை பகிர்ந்ததாக 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எழுதியது. கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது.

கலிபோர்னியா இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டது.

முதலாவது, தனியார் சிறை. 2006-இல் ஆளுநர் ஷ்வார்ஸ்னெக்கர் நெருக்கடிநிலை அறிவித்த பிறகு அரிசோனா, மிசிசிப்பி என வெளிமாநிலத் தனியார் சிறைகளுக்குக் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 10,000 பேர். புதிதாகக் கட்டக் காத்திருக்க வேண்டாம், படுக்கை உடனே கிடைக்கும். அந்த அவசரத்தில் இது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் ஒரு தாய் மிசிசிப்பியில் உள்ள மகனைப் பார்க்க இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கூலி வேலை செய்பவரால் எத்தனை முறை முடியும்? மேலும், தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் நிறுவனத்துக்குக் கைதிகள் குறைவது நஷ்டம்.

இரண்டாவது, உள்ளே போகும் ஆட்களையே குறைப்பது. 2011 அக்டோபர் முதல் சிறிய குற்றங்களுக்குப் புதிதாகத் தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் பதிலாக மாவட்டப் பொறுப்பில் விடப்பட்டார்கள். 2014-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் சிறு திருட்டு, போதைப்பொருள் வைத்திருத்தல் ஆகியவற்றுக்கான தண்டனை குறைந்தது. சில மாவட்டச் சிறைகள் பிதுங்கியது உண்மைதான். ஆனாலும் 2015 தொடக்கத்திலேயே நீதிமன்ற வரம்புக்குள் எண்ணிக்கை வந்தது.

என் ஓட்டு இரண்டாவதுக்கே. வெளிமாநிலம் போன கடைசிக் கைதிகள் 2019-இல் கலிபோர்னியாவுக்குத் திரும்பினார்கள்.