அந்த 31 ஜிபி: வின்டிர்ஸ்டாட்டுடன் பதினோரு ஆண்டுகள்

போன வாரம் கல்லூரி நண்பன் அழைத்தான். மடிக்கணினியில் சி டிரைவ் நிரம்பிச் சிவந்துவிட்டதாம். சர்வீஸ் கடையில் டிஸ்கையே மாற்றச் சொல்கிறார்களாம். "நீ வண்ணக் கட்டங்கள் காட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருப்பாயே, அதன் பெயர் என்ன?" என்று கேட்டான். பெயரைச் சொல்வதற்குள் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

வின்டிர்ஸ்டாட் இலவசம் என்பதும், டிஸ்கில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் என்பதும் பலரும் அறிந்ததே. எனக்குப் பிடித்தது அந்தப் படம். ஒவ்வொரு கோப்பும் ஒரு கட்டம், வகைக்கொரு நிறம், பெரிய கோப்பு பெரிய கட்டமாகத் தலையணைபோல் உப்பி நிற்கும். 1990இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் இந்தப் பட வகையை யோசித்ததும் இதே தொல்லையால்தான். பதினான்கு பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்க் அடிக்கடி நிரம்பியது. அடைத்து வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 80 எம்பி! எங்கள் குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கங்களுக்கே இன்று அது போதாது.

தேடல் நடக்கும்போது ஃபோல்டர்களின் பக்கத்தில், பழைய வீடியோ கேமில் வரும் மஞ்சள் பாக்மேன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஓடும். என் மகன் சிறுவனாக இருந்தபோது அதைப் பார்ப்பதற்காகவே டிஸ்கைச் சோதிக்கச் சொல்வான். நிதானமான மென்பொருள்தான், ஆனால் அந்த நிதானத்தை நான் குறையாக நினைத்ததில்லை.

விண்டோஸ் ஒளித்து வைக்கும் கோப்புகளும் இதில் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் கண்ணில் படாத ஹைபர்ஃபில் என்ற பெருங்கட்டத்தை இதில்தான் முதலில் பார்த்தேன். ஹைபர்னேஷனுக்காக, அதாவது திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுக் கணினியை அணைப்பதற்காக, விண்டோஸ் ஒதுக்கி வைக்கும் கோப்பு அது. வழக்கமாக ரேமில் 40 சதவீதம். என்னுடைய 16 ஜிபி ரேமுக்கு ஆறு ஜிபிக்கும் மேல். நான் ஹைபர்னேட் செய்ததே இல்லை. அந்த வசதியை நிறுத்தியதும் கோப்பு தானாக மறைந்தது. கணினி எழுந்திருக்கச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். பக்கத்திலேயே இருக்கும், ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைலையும், விண்டோஸின் சொந்தப் பாகங்கள் கிடக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரையும் அப்படித் தொடக்கூடாது. கட்டம் பெரியதாக இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும்; கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இனி கோபத்துக்கு வருகிறேன். 256 ஜிபி என்று விற்ற டிஸ்க் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். ஆயிரத்தால் பெருக்குவதா 1024ஆல் பெருக்குவதா என்ற பழைய வழக்கு அது, எனக்குப் பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று. 214 ஜிபி நிரம்பியிருக்கிறது என்றது விண்டோஸ். வின்டிர்ஸ்டாட்டின் கூட்டுத்தொகையோ 183. மீதி 31 ஜிபி எங்கே? நிர்வாகி உரிமையோடு திறந்து பார்த்தேன், கொஞ்சம்தான் அசைந்தது. மெனுவைத் துழாவியபோது "அன்னோன்" என்ற வரியைக் காட்டும் வசதி கிடைத்தது. அதைத் தட்டியதும் படத்தில் ஒரு பெரிய கட்டம் முளைத்தது. "தெரியாது" என்பதையும் இவ்வளவு அழகாக வரைந்து காட்டுகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. திருடனைப் பிடிக்க வந்தவர், திருட்டுப் போன பொருளின் எடையை மட்டும் சரியாக நிறுத்துச் சொல்லிவிட்டுப் போன கதை.

இரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டத்தோடு வாழ்ந்தேன். டெம்ப் ஃபோல்டரைத் துடைத்தேன், பழைய விண்டோஸ் ஃபோல்டரை அகற்றினேன், குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். மற்ற கட்டங்கள் சிறுத்தன. இது இம்மியும் குறையவில்லை.

விடையைச் சொன்னது இதே வேலையைச் செய்யும் விஸ்ட்ரீ என்ற இன்னொரு மென்பொருள். சில நொடிகளில் பட்டியல் வந்தது. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டருக்குள், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்காக விண்டோஸ் எடுத்து வைக்கும் ரீஸ்டோர் பாயின்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கான அமைப்பான சிஸ்டம் புரொடெக்ஷனைத் திறந்தால், டிஸ்கில் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தது பழைய சர்வீஸ்காரரா, நானேவா, தெரியாது. 3 சதவீதமாகக் குறைத்துப் பழையவற்றை அழித்தேன்.

வின்டிர்ஸ்டாட் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கணக்கெடுக்கிறது. நிர்வாகியையே உள்ளே விடாத ஃபோல்டரில் அது என்ன செய்யும்? விஸ்ட்ரீ தெருவுக்கே வருவதில்லை. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறை டிஸ்கில், எல்லாக் கோப்புகளின் பதிவேடான மாஸ்டர் ஃபைல் டேபிளை, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் புரட்டுவதுபோல் நேராகப் படித்துவிடுகிறது. பூட்டிய வீடும் அதில் பதிவாகியிருக்கும். என்டிஎஃப்எஸ் அல்லாத பென்டிரைவில் அந்த வேகம் கிடைக்காது. மேலும், நான் இத்தனை காலம் ஓட்டியது 2007இல் வந்த 1.1.2 பதிப்பு. பதினேழு ஆண்டுகள் கழித்து 2024இல் வந்த இரண்டாம் பதிப்பு எவ்வளவோ வேகம். இந்த நியாயமெல்லாம் அந்த இரண்டு ஆண்டு எரிச்சலை ஆற்றவில்லை.

ஆகவே நண்பனிடம் விஸ்ட்ரீயை நிறுவச் சொன்னேன். என் கணினியில் இப்போதும் வின்டிர்ஸ்டாட்தான் இருக்கிறது. விஸ்ட்ரீயை வேலை முடிந்த அன்றே நீக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. விஸ்ட்ரீயும் கட்டப்படம் காட்டும்தான், ஆனால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கத் தோன்றவில்லை.

நண்பனுக்குப் பத்து நிமிடத்தில் ஆள் அகப்பட்டது. மென்பொருள்கள் தம் தரவைப் போட்டு வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் 42 ஜிபி: அவன் மனைவியின், எப்போதோ விற்றுவிட்ட போனுடைய பேக்கப். அழிக்கலாமா என்று வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் கேட்கவில்லை. டிஸ்கை மாற்ற எவ்வளவு ஆகும் என்று நேற்று விசாரித்துக்கொண்டிருந்தான்.