ஹதீஸ் நூல்கள்: புகாரி ஒன்றே போதுமா? எங்கள் வீட்டு வாசிப்பு அனுபவம்

கீழக்கரையில் எங்கள் வீட்டு அலமாரிக்கு, நபிமொழித் தொகுப்புகளான ஹதீஸ் நூல்களின் தமிழாக்கங்கள் வந்து பல வருடமாகிறது. தினமும் எடுத்துப் புரட்டுகிற கிதாபுகள் அவை. புதிதாக வாங்க நினைக்கிற சொந்தக்காரர்கள் "எதை முதலில் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் சொல்வது புகாரி இமாம் தொகுத்த ஸஹீஹுல் புகாரி. எங்களிடம் இருப்பது சென்னை ரஹ்மத் அறக்கட்டளையின் தமிழாக்கம். நடை தெளிவாக இருக்கிறது, உம்மாவே தடங்கல் இல்லாமல் வாசிப்பார். ஆனால் கதைபோல முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் சீக்கிரம் களைத்துவிடுவீர்கள், ஏனென்றால் ஒரே ஹதீஸ் பல இடங்களில் வரும். திரும்ப வருவதையும் சேர்த்தால் 7,500க்கு மேல். விட்டு எண்ணினால் 2,602 என்பது புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜரின் கணக்கு. புகாரி இமாம் தம் சட்ட முடிவுகளைப் பாடத் தலைப்புகளில்தான் வைத்திருக்கிறார். தலைப்பைப் படித்துவிட்டு ஹதீஸுக்குள் போனால், அதே ஹதீஸ் அங்கே ஏன் மறுபடி வருகிறது என்பது புரியும்.

விரிவுரை இல்லாமல் சில இடங்கள் நகராது. அபூஉபைதா (ரலி) தலைமையில் 300 பேர் கடற்கரைப் பக்கம் போய், உணவு தீர்ந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலைக்கு வந்தபோது, கடல் ஒரு பெரிய மீனை ஒதுக்கிய சம்பவம் இருக்கிறதே, அதைச் சொல்பவர் ஜாபிர் (ரலி). எத்தனை நாள் அதைச் சாப்பிட்டார்கள்? ஒரு அறிவிப்பில் அரை மாதம், இன்னொன்றில் 18 இரவு, ஸஹீஹ் முஸ்லிம் என்ற இன்னொரு தொகுப்பில் ஒரு மாதம். சவூதியிலிருந்து லீவில் வந்த மச்சான், "என்ன மச்சான், ஒரே ஆள் சொன்னது மூன்று விதமா இருக்கே?" என்று கேட்டுவிட்டார். மார்க்க அறிஞரான ஆலிம்சாவிடம் போனோம். அவர் இப்னு ஹஜரின் புகாரி விரிவுரையான ஃபத்ஹுல் பாரீயை எடுத்து வாசித்துச் சொன்னார்: 18 என்றவர் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார், அரை மாதம் என்றவர் மிச்ச மூன்று நாளை விட்டுவிட்டார், மாதம் என்றவர் முழுமையாக்கிச் சொன்னார், அல்லது மீன் கிடைப்பதற்கு முந்திய நாள்களையும் சேர்த்துக்கொண்டார். முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய நவவி இமாமோ ஒரு மாதம் என்ற அறிவிப்புக்கே முன்னுரிமை தருகிறார் என்பதையும் அங்கேயே இப்னு ஹஜர் எழுதியிருக்கிறார். புகாரி இமாம் வஃபாத்தாகி (கி.பி. 870) 500 வருடத்துக்கு மேல் கழித்து வாழ்ந்த ஒருவர், நமக்கு வரப்போகும் சந்தேகத்துக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு மனது நிறைந்துவிட்டது.

சரி, புகாரியும் முஸ்லிமும் இருந்தால் போதாதா? நம் கடற்கரைக்காரர்களுக்கு முதலில் தேவைப்படுகிற ஹதீஸே அவற்றில் இல்லை. "கடலில் போகிறோம், கொஞ்சம் தண்ணீர்தான் எடுத்துப்போகிறோம், அதில் ஒளு (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுவது) செய்தால் தாகத்தில் தவிப்போம், கடல்நீரில் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்க, "அதன் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஹலால்" என்றார்கள் நபி (ஸல்). இது முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. மண்டபம், வேதாளைப் பக்கம் வள்ளத்தில் போகிறவர்களின் அன்றாடக் கேள்வி இது. புகாரி இமாம் இதைத் தம் நூலில் சேர்க்கவில்லை. ஆனால் மாணவர் திர்மிதீ கேட்டபோது ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது) என்றே சொல்லியிருக்கிறார். ஆகவே "புகாரியில் இல்லையே" என்று ஒரு ஹதீஸைத் தள்ளுவது புகாரி இமாமின் வழியே இல்லை. இந்த ஹதீஸையே முதலாவதாக வைத்துத் தொடங்குகிறது இப்னு ஹஜரின் புலூகுல் மராம். சட்ட ஹதீஸ்களுக்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

குடும்பத்தோடு வாசிக்க, சந்தேகமே வேண்டாம், நவவியின் ரியாளுஸ் ஸாலிஹீன். அறிவிப்பாளர் தொடரைச் சுருக்கி நபித்தோழர் பெயரோடு நிறுத்தியிருப்பார். பெரும்பாலான பாடங்களில் குர்ஆன் வசனங்கள் முன்னால் வரும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு பாடம் வாசித்துவிடலாம். எங்கள் ஊர் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட வழக்கத்துக்கு நவவி நெருக்கமானவர் என்பதும் ஒரு காரணம்.

ஒரு குறை மட்டும்: பதிப்புக்குப் பதிப்பு எண் மாறுகிறது. செல்போன் செயலியில் எண்ணைப் போட்டால் வேறு ஹதீஸ் வந்து நிற்கும். அதனால் நான் எண்ணோடு கிதாபின் பெயர், பாடத் தலைப்பு, அறிவிக்கும் நபித்தோழர் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணோடு வருகிற ஹதீஸை, அந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை.